வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்

தென்காசி,
2.7.2025

அன்பு நண்பன் கடற்கரைக்கு,

எழுதவே கூசுகிறது. தாம்பத்திய நரம்பு எனக்கு வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

புராஸ்டேட்டில் புற்று என்பது உனக்குத் தெரியும். பதினான்காம் தேதி ஆபரேஷன். திங்கட்கிழமை திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "சுரப்பியை ஒட்டித்தான் அந்த நரம்பு போகுது. லேசா கரண்ட் வச்சு, திரையில பாத்துக்கிட்டே காப்பாத்தப் பாக்கலாம். வேணுமா?"

இந்தப் பக்கம் என் மனைவி சங்கரேஸ்வரி, அந்தப் பக்கம் மருமகன் சந்தோஷ்குமார். "இந்த வயசுல எதுக்கு சார், வேண்டாம்" என்றேன். நம்மூர்ப் பந்தியில் பாயசத்துக்குக் கையை மறித்தால்தானே இன்னும் ரெண்டு கரண்டி ஊற்றுவார்கள்? இந்த ஆள் வற்புறுத்தவே இல்லை, எழுதிக்கொண்டார்.

போனில் சொல்லலாமென்றால் இவள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் தருவாள். அவளும் சரியில்லை. ஆய்க்குடி முருகன் கோயிலுக்கென்று நேற்றுக் காலை போனவள், சாயங்காலம் திருநீறுகூட இல்லாமல் வந்தாள். அதற்கொரு சண்டை போட்டேன்.

ஒரு வழி சொல்.

உன்,
குற்றாலீஸ்வரன்

*

வடகரை,
5.7.2025

ஏலே குற்றாலம்,

முப்பது வருசம் போலீசில் இருந்தேன். வாக்குமூலத்தை மாற்றினவன் எவனும் உன்னை மாதிரி வெட்கப்பட்டதில்லை. நீயே டாக்டருக்குப் போன் போடு. வீட்டில் ஆள் இருந்தால் அருவிப் பக்கம் போய்ப் பேசு.

மதினியிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய்.

கடற்கரை

*

தென்காசி,
24.7.2025

அன்பு கடற்கரை,

உன் யோசனையால் மானம் போனது, நரம்பு தப்பியது.

குற்றாலத்தில் நல்ல சீசன். அருவி இரைச்சலில் டாக்டருக்குக் கேட்கவில்லை. "நரம்பு வேணும் சார்" என்று மூன்று தடவை கத்தினேன். குளிக்க நின்ற வரிசையே திரும்பியது. எண்ணெய் தேய்க்கிறவர் ஓடிவந்து, "நரம்புக்குன்னே தனி எண்ணெய் வச்சிருக்கேன், படுங்க அண்ணாச்சி" என்கிறார். டாக்டர் பதிலுக்கு ஏதோ சொன்னார். எனக்கும் கேட்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. இரண்டு பக்க நரம்பும் திரையில் துள்ளிக் காட்டியதாம். பலன் தெரிய ஒரு வருடம்கூட ஆகலாம், உத்தரவாதம் இல்லை என்கிறார். என்றாலும், என் ஒரே போனில் காரியம் நடந்துவிட்டது என்று சங்கரேஸ்வரியிடம் பீற்றிக்கொண்டேன். "சரிங்க" என்று சாத்துக்குடி உரித்தாள்.

இன்று ஆஸ்பத்திரி ஃபைலைப் புரட்டினேன். என் 'வேண்டாம்' கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் அவள் கையெழுத்தில், "கூச்சத்தில் சொல்லிவிட்டார். வேண்டும்."

தேதி ஜூலை ஒன்று. ஆய்க்குடிக்கென்று அவள் கிளம்பிப் போன அன்று.

குற்றாலீஸ்வரன்