வாசலில் ஏற்றாத மெழுகுவர்த்தி

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே நானும் அத்தையும் நலம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரரும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இருவர் கவலையும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். ஊரடங்கில் இரண்டே அறைக்குள் கிடக்கிறோம். போன வாரம் நீ என்னிடம் "அண்ணி, உடம்பு எப்படி?" என்று கேட்டதற்கு, நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை, உன் அம்மாதான், சமையலறையிலிருந்து பதில் சொன்னாரே! தபால்காரர் மறுபடியும் வரத் தொடங்கிவிட்டார். அதனால் எழுதுகிறேன்.

மருந்துக்கடைக்காரர் முகக்கவசம் தைக்கத் துணி அனுப்புகிறார். எலாஸ்டிக் கிடைக்கவில்லை, நாடா வைத்துத்தான் தைக்கிறேன். அத்தைதான் மேற்பார்வை. ஒன்றை எடுத்துத் தன் மூக்கில் மாட்டிக்கொண்டு, "நோய் வராம இருக்க தைக்கிறியா, மூச்சே வராம இருக்க தைக்கிறியா?" என்கிறார். அவர் மாட்டியதை நான் மறுபடியும் துவைக்க வேண்டும்.

போர் முடிந்த நாள் வந்து போனது. வருடா வருடம் பூங்காவில் ஊரே கூடும், உனக்குத் தெரியும். நடுவில் ஒரு பெரிய விளக்கு, எல்லோருக்கும் பொது. அத்தை கடைசி வரிசையில் நிற்பார். திரும்பி வரும்போது, "பாவம், புள்ளைங்கள பறிகொடுத்தவங்க" என்பார், யார் வீட்டுக் கதையோ போல. நானும் தலையாட்டுவேன். உன் அண்ணன் போரில் காணாமல் போனதிலிருந்து, அந்தக் கூட்டத்துக்குள்தான் நாங்கள் இருவரும் ஒளிந்துகொண்டிருந்தோம்.

இந்த முறை கூட்டம் கூடக் கூடாது. ஒலிபெருக்கி வண்டி தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போனது: மாலை ஆறு மணிக்கு அவரவர் வாசலில், அந்த வீடு போரில் இழந்த ஒவ்வொருவருக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டுமாம். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள். ஏற்றினால் உன் அண்ணன் இல்லை என்று நாங்களே சொன்னதாகிவிடும். ஏற்றாவிட்டால் அவர் வருவார் என்று இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். எனக்கு அலுத்துவிட்டது, வாயாடி. இதை வேறு யாரிடம் சொல்வேன்?

அன்று முழுவதும் இருப்புக்கொள்ளவில்லை. நாடாவைத் தலைகீழாக வைத்துத் தைத்தேன், பிரித்தேன், மறுபடியும் தலைகீழாகவே தைத்தேன். அத்தை துடைத்த அலமாரியையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

ஆறு மணிக்கு எதிர்வீட்டு பஸ் டிரைவர் தன் வாசலில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினார். அத்தை ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக் குளிக்கப் போனார். தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் நான் தையல் மெஷின் மேலேயே ஒன்றை ஏற்றினேன். வாசலுக்குப் போகத் துணிவு வரவில்லை. உன் அண்ணன் பெயரை வாய்விட்டுச் சொல்லி அழுதேன். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை.

குழாய் நின்றதை நான் கவனிக்கவில்லை. அத்தை தலையில் துண்டோடு அறை வாசலில் நின்றார். திட்டப் போகிறார், ஊதி அணைக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சுவரோரமாக நடந்து போய் மின்விசிறியை நிறுத்தினார். "காத்துல அணைஞ்சிடும்" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் உன் அண்ணனின் சட்டைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்து என் பக்கத்தில் வைத்தார். "நல்ல பருத்தி, மாஸ்க்குக்கு ஆகும்" என்றார். நான் இன்னும் கத்திரியைத் தொடவில்லை. பிறகு, என் முகத்தைப் பார்க்காமலே, "பஸ் விட்டதும் உங்க அம்மா வீட்டுக்குப் போறதுன்னா போம்மா. உனக்கும் வயசு இருக்கு. நான் தடுக்க மாட்டேன்" என்றார். அன்றிலிருந்து என்னிடம் ஒரு விருந்தாளியிடம் பேசுவது போல மரியாதையாகப் பேசுகிறார். மூக்கில் மாட்டிப் பார்ப்பதும் இல்லை, குறை சொல்வதும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உன் அண்ணனுக்காக அழத்தான் ஏற்றினேன். இந்த வீட்டை விட்டுப் போவதற்காக ஏற்றவில்லை. இதை அத்தையிடம் சொல்லப் போனால், நாடாவைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறேன்.

நீ போன் செய்யும்போது மெழுகுவர்த்தியைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம். அழவும் வேண்டாம். "அண்ணி எங்கேம்மா?" என்று மட்டும் அத்தையிடம் கேள். "உள்ளதான் இருக்கா, எங்க போவா?" என்று அவர் வாயால் சொல்லட்டும்.

நீ நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அண்ணி