வலப்பக்கத்துக்காரி

மார்ச் 3
அன்புள்ள உங்களுக்கு,
எனக்கு இருமல் என்று நர்ஸ் உள்ளே விடவில்லை. உங்களுக்கு வாயெல்லாம் புண், போனில் பேச முடியாது. அதனால் காகிதம்.
கணையமும் சிறுநீரகமும் மாற்றி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் தொற்று. கிருமி, உறுப்பைக் கொடுத்தவள் உடம்பில் தூங்கிக்கொண்டிருந்ததாம். உறுப்போடு வந்துவிட்டது என்றார் டாக்டர். மூட்டை முடிச்சோடுதான் வந்திருக்கிறாள்.
கண்ணாடி வழியே பார்த்தேன். தூக்கத்திலும் உங்கள் கை வயிற்றின் வலப்பக்கத்தில், அவள் கணையத்தை வைத்துத் தைத்த இடத்தின் மேல்.
ஊசி

மார்ச் 5
என் ஊசிக்கு,
இத்தனை வருடம் இன்சுலின் குத்தினாய் என்றுதான் அந்தப் பெயர் வைத்தேன். இப்போது எழுத்தால் குத்துகிறாய்.
செத்துப்போனவளிடம் என்ன கோபம்? பெண் என்பதே வார்டில் யாரோ வாய்தவறிச் சொன்னது. நேற்று சர்க்கரை போட்ட காபி குடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. அவள் பார்த்துக்கொண்டாள்.
எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் குறைத்தால்தான் கிருமி போகுமாம். குறைத்தால் உடம்பு கணையத்தை ஏற்காமல் போகலாம். பயமாக இருக்கிறது.
ஃபிரிஜ் கதவிலிருக்கும் இன்சுலினைத் தூக்கிப் போட்டாயா?
உன்னவன்

மார்ச் 6
"அவள் பார்த்துக்கொண்டாள்." திரும்பத் திரும்பப் படித்தேன்.
உங்களுக்குச் சர்க்கரை இறங்கினால் பிடரியில் வியர்க்கும். தூக்கத்தில் என் கை தானாக அங்கே போகும். அந்த வேலையை ஒருத்தி சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டாள்.
அக்காவிடம் சொன்னேன். "பொணத்தோடயா சக்களத்திச் சண்டை? போய்ப் படுடி" என்றாள். சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.
இன்சுலின் அங்கேயே இருக்கிறது. அவள் நிலைக்காவிட்டால் நான் வேண்டுமல்லவா?
ஊசி

மார்ச் 14
ஊசி,
மருந்தைக் குறைத்தார்கள். காய்ச்சல் போய்விட்டது. நடுவில் ஒரு நாள் சர்க்கரை ஏறியது, எல்லோரும் பயந்தார்கள். மறுநாள் தானாக இறங்கிவிட்டது. சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.
ஒன்று கேட்கிறேன். சர்க்கரை ஏறியது தெரிந்தபோது உனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்ததா?
உன்னவன்

மார்ச் 15
அன்புள்ள உங்களுக்கு,
இருந்தது. நர்ஸ் போனில் சொன்னதும் ஃபிரிஜைத் திறந்தேன். இன்சுலினைக் கையில் எடுத்தேன். அது சில்லென்றிருந்தது. மறுபடியும் உங்களைக் குத்த வேண்டும் என்று நினைத்ததும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "போயிடாதம்மா, இரு" என்றேன். அவளோடு நான் முதன்முதலில் பேசியது அப்போதுதான்.
இன்சுலின் இருந்த இடத்தில் இப்போது முட்டை.
இருமல் நின்றுவிட்டது. சனிக்கிழமை வருகிறேன். வலப்பக்கம் அவளுக்கே இருக்கட்டும். ஆனால் உங்கள் பிடரியை இனியும் தொடுவேன், வியர்வை பார்க்க அல்ல.
அங்கே அவளுக்கு எட்டாது.
ஊசி