இரண்டு மடங்கு அதிகம்

தை 18, வியாழன்.

வசந்தா இப்படிச் செய்வாள் என்று நான் நினைக்கவே இல்லை.

வீட்டுக்கணக்கு இதுதான்: "முருகன் 12 கட்டுக் கதிர் அறுத்தான். கண்ணன் அதைவிட இரண்டு மடங்கு அதிகம் அறுத்தான். கண்ணன் அறுத்தது எத்தனை கட்டு?" நேற்று வாய்க்கால் மதகில் உட்கார்ந்து நானும் வசந்தாவும் குழம்பினோம். இரண்டு மடங்கு என்றால் 24. அதைவிட அதிகம் என்றால் 12-உடன் 24-ஐக் கூட்ட வேண்டும். 36தான் என்று முடிவு செய்தது அவள்.

இன்று வகுப்பில் 36 போட்டவர்களை சார் எழுந்திருக்கச் சொன்னார். நான் மட்டும் எழுந்தேன்.

"ரெண்டு விதமாவும் படிக்கலாம் சார்" என்றேன்.

"உங்கப்பன் கூலியில அரைப்படி நெல்லு கூடக் கேட்டு அறுப்பை நிறுத்தியிருக்கான். உனக்கும் எல்லாம் கூடத்தான் வரும்" என்றார். வகுப்பே சிரித்தது. வசந்தாவும் சிரித்தாள். அறுப்பு நின்றுகிடப்பது அவள் அப்பாவின் வயலில்தான்.

பள்ளி விட்டதும், "மாத்திட்டேன்னு ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"அண்ணன்தான் 24னு மாத்தச் சொல்லுச்சு. உங்கூடப் பேசக் கூடாதுன்னு அப்பா சொல்லிட்டாங்க" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள்.

அவள் நோட்டில் 24-க்கு அடியில், பென்சிலில் எழுதி அழித்த 36 தெரிந்தது. சார் திட்டும்போதே பார்த்துவிட்டேன். சாருக்குக் காட்ட விரலை நீட்டியிருந்தால் அவளும் எழுந்து நின்றிருப்பாள். ஏன் நீட்டவில்லை என்று எனக்கே புரியவில்லை. நாளைக்கும் அதே பெஞ்சில் அவள் பக்கத்தில்தான் உட்கார வேண்டும்.