கொம்பியூட்டருக்குள் இருந்த றோசக்கா

என் செல்லத் தம்பி றெஜி,

நீ கண்ணை மூடின வருடப் பூசை போன ஞாயிறு நல்லபடி நடந்தது. அளவெட்டியிலிருந்து உன் கூட்டாளி வசந்தனும் வந்திருந்தான். பிறகு வீட்டில் தேத்தண்ணி குடிக்கும்போது நெளிந்து நெளிந்து கேட்டான்.

“அக்கா, உந்த றோசா, பிலோமினா ஆரெண்டு தெரியுமே?”

“எங்கடை ஒழுங்கையிலை, பக்கத்து வீட்டுக் கிழவியள். உனக்கேன் அவையள்?”

அவன் சிரிக்கவில்லை. தமிழ்ச் சொல்லாலேயே கொம்பியூட்டரை வேலை வாங்க நீ ஒரு மொழி செய்தாயே, அதைச் சந்தைக்குப் பக்கத்து டியூட்டரி வகுப்பில் இப்போது அவன்தான் படிப்பிக்கிறான். ஒன்றுபோல இருக்கிற இரண்டு வேலைகளுக்கு அந்தக் கிழவிகளின் பெயரை வைத்துவிட்டுப் போய்விட்டாய். அவன் ஒன்றை மாறி அடிக்க, பிள்ளைகள் சேர்த்து வைத்ததெல்லாம் அழிந்துபோனதாம். வகுப்பையே விடப் போகிறேன் என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்தாம் வகுப்போடு மீன் கூடை தூக்கின எனக்குக் கொம்பியூட்டர் என்ன தெரியும்? ஆனால் அவர்களைத் தெரியாதா? றோசக்கா நம் சட்டியைத் திறந்து, என்ன கறி என்று பார்த்து, மூடிவிட்டுப் போவாள். பிலோமினாக்கா திறந்தால் மேலே கிடக்கிற துண்டு சட்டியில் இராது.

“அப்ப றோசா பாக்கிறது, பிலோமினா எடுக்கிறது!” வசந்தன் துள்ளி எழும்பினான். “இனி ஏதும் விளங்காட்டி உங்களிட்டையே வாறன் அக்கா.”

அந்தச் சொல் எவ்வளவு இனித்தது தெரியுமா? உன்னைப் பற்றிக் கதைக்க இந்த வீட்டுக்கு இப்போது யார் வருகிறார்கள்? பெயரை அப்படியே விட்டால் அவன் வருவான். அவனுக்குப் பின் படிப்பிக்கிறவனும் வருவான். அவனுக்கு இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினேன்.

“வேண்டாமடா. ‘பார்’, ‘எடு’ எண்டே பேரை மாத்தி வை. சாவகச்சேரியிலையிருந்து படிக்க வாற பிள்ளைக்கு எங்கடை சட்டியை ஆர் திறக்கிறதெண்டு தெரியுமே?”

“றெஜி வைச்ச பேரெல்லோ அக்கா...”

“ஓம். ஆனா சனத்துக்கு விளங்கவெண்டுதானே அவன் உந்த மொழியைச் செய்தவன்?”

மாற்றிவிட்டான். பிள்ளைகள் யாரையும் கேட்காமலே வேலை செய்கிறார்களாம். பிலோமினாக்காவுக்குத்தான் கோபம். “கொம்பியூட்டருக்குள்ளை இருந்த என்னை ஏனடி வெளியிலை விட்டனி?” என்று நேற்று சந்தையில் வைத்துக் கேட்டாள். நீயும் கோபிப்பாயா? மாட்டாய் என்றுதான் படுகிறது. என் மனம் நிறைந்துதான் இருக்கிறது.

வசந்தன் இனி என்னைத் தேடி வரத் தேவையில்லை. மீன் விற்று முடித்த கையோடு நான்தான் அந்த வகுப்பு வாசலுக்குப் போவேன், தம்பி. உன் சொற்களைப் பிள்ளைகள் சொல்வதைக் கேட்டு வந்து, உனக்கு ஒவ்வொன்றாகச் சொல்வேன்.

உன்னை இடுப்பில் வைத்து வளர்த்த
அக்கா,
குருநகர்