மலைநாட்டு வேகச் சாதனையும் ராகலை வேன் தரிப்பிடமும்

அனுப்புநர்:
செல்லசாமி தனுஜா,
பாடசாலை வேன் சாரதி,
கல்பாலத் தோட்டம், மேற்பிரிவு,
ராகலை.

பெறுநர்:
மாவட்டச் செயலாளர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
நுவரெலியா.

விடயம்: பழைய மினி காரில் வேகச் சாதனை படைத்ததைக் காரணம் காட்டி, பாடசாலை வேன் தரிப்பிடத்தில் எனக்கிருந்த இடத்தைப் பறித்தமை தொடர்பானது.

மதிப்புக்குரிய ஐயா,

இதை ஒரு முறைப்பாடாகவே எழுத உட்கார்ந்தேன். நடந்ததைச் சொல்லாமல் முறைப்பாட்டைச் சொல்ல முடியவில்லை. நடந்ததைச் சொல்லும்போது சந்தோசத்தை மறைக்கவும் முடியவில்லை. மனுவுக்குரிய அடக்கம் சில இடங்களில் குறைந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுமாறு முதலிலேயே வேண்டுகிறேன்.

1. எமது தோட்டத்திலிருந்தும் அயல் தோட்டங்களிலிருந்தும் பிள்ளைகளை ராகலை நகரப் பாடசாலைக்கு வேனில் ஏற்றிச் செல்வது என் தொழில். ஒன்பது ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். இதுவரை என் வேனில் ஒரு பிள்ளைக்குக்கூடச் சிராய்ப்புக் காயம் ஏற்பட்டதில்லை. தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி ஓட்டுபவர்கள் என் வேனுக்கு "தேர்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வளைவில் எனக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், "தேரு போகுது, இனி பொறுமையாத்தான் போகணும்" என்று சத்தம்போட்டுச் சொல்வார்கள். நான் இதற்காக ஒருநாளும் கோபப்பட்டதில்லை.

2. ராகலைக் கடைவீதியில் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவர் திரு. சரிபுதீன். அவரை நாங்கள் நானா என்று அழைப்போம். 1962ஆம் ஆண்டின் பச்சை நிற மினி கார் ஒன்று அவரிடம் உண்டு. பழைய வாகனக் கழகம் ஒன்று ஏப்ரல் சுற்றுலா சீசன் நாட்களில் வேகப் போட்டி நடத்துகிறது. நீர்த்தேக்கக் கரையில் புதிதாகப் போடப்பட்ட நேர் வீதியைப் பொலிஸ் அனுமதியுடன் மூடி, ஒரு நேரத்தில் ஒரு காரை மட்டும் ஓடவிடுவார்கள். சிறிய பழைய கார்களின் பிரிவில் மணிக்கு 124.6 கிலோமீற்றர் என்ற சாதனை பதினொரு ஆண்டுகளாக அசையாமல் இருந்தது. நானா இரண்டு முறை முயன்று தோற்றிருந்தார்.

3. இவ்வாண்டு பெப்ரவரியில் நானாவின் ஆட்டோ பழுதாகி, அவர் என் வேனில் ஏறி நகருக்கு வந்தார். இறங்கும்போது, "தங்கச்சி, அத்தன வளைவுலயும் ஒரு தடவகூட ஒடம்பு ஆடல. என்னோட காருல ஒரு குறையும் இல்ல. நான் ஏறினா ரெண்டு பேரு ஏறின மாதிரி, அதான் குறை. இந்தத் தடவ நீங்க ஓட்டுங்க" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். ஆனால் ஐயா, அன்று பிற்பகல் பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் வேனுடன் திரும்பும்போது ஒன்றை நினைத்துப் பார்த்தேன். சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்த நாளிலிருந்து நான் ஒரு தடவைகூட எக்சிலேட்டரை அடிவரை மிதித்ததில்லை. எப்போதும் பின்னால் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் இல்லாத ஒரு வீதியில், ஒரே ஒரு தடவை, மிதித்துப் பார்க்க வேண்டும் என்று மனம் கேட்டது. மறுநாள் நானாவின் கடைக்குப் போய்ச் சம்மதம் சொன்னேன்.

4. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கடையின் பின்புறம்தான் எங்கள் வேலை. பின் ஆசனத்தையும் உபரி டயரையும் கழற்றினோம். காற்று உள்ளே புகாதபடி இடுக்குகளில் எல்லாம் டேப் ஒட்டினோம். எஞ்சினை நானா மூன்று தடவை பிரித்துப் பூட்டினார். கியர்ப்பெட்டி மட்டும் பழையது. நாலாவது கியர் சிலவேளை தானாக வெளியே குதித்துவிடும். மாற்றுவதற்குப் பாகம் கிடைக்கவில்லை. என் அம்மா ராசம்மா இரண்டு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. கடைசியில் தானே வந்து, "ஓட்டுறதுன்னு முடிவாயிருச்சில்ல, அப்ப தோத்துட்டு வராத" என்றார்.

5. ஏப்ரல் மாதக் கடைசி ஞாயிறு போட்டி நடந்தது. வீதியின் நடுவே அரை கிலோமீற்றர் தூரம் குறித்து, இரு முனையிலும் நேரம் அளக்கும் கருவி வைத்திருந்தார்கள். ஒரு தடவை ஓடினால் போதாது. ஒரு மணித்தியாலத்துக்குள் எதிர்த்திசையில் திரும்பி ஓட வேண்டும். இரண்டின் சராசரியே கணக்கு. திரும்பி ஓடாவிட்டால் முதல் ஓட்டமும் செல்லாது. தலைக்கவசம், ஆசனப் பட்டி, தீயணைப்புக் கருவி, அம்புலன்ஸ் எல்லாம் இருந்தன. எங்கள் தோட்டத்தார் லீவு நாள் என்பதால் மேலே தேயிலைச் சரிவில் திரண்டு நின்றார்கள்.

முதல் ஓட்டம் காற்றின் திசையில் அமைந்தது. நான் மிதித்தேன் ஐயா. அந்தச் சின்னக் கார் முதலில் முனகியது, பிறகு கத்தியது, பிறகு ஒரே சீராகப் பாடத் தொடங்கியது. கதவுகள் நடுங்கின. நீர்த்தேக்கம் ஒரு வெள்ளிக் கோடாக என் பக்கத்தில் ஓடியது. வேகம் 131.2 என்று அறிவித்தார்கள். சரிவில் எழுந்த சத்தம் தலைக்கவசத்துக்குள்ளும் கேட்டது.

6. திரும்பி ஓடக் காரை நிறுத்தியபோது மூடுபனி இறங்கிவிட்டது. வீதி தெரியவில்லை. அதிகாரிகள் காத்திருக்கச் சொன்னார்கள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. மணித்தியாலம் முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருந்தபோது ஓர் அதிகாரி வந்து, இருக்கும் பனியிலேயே ஓட விருப்பமா, பொறுப்பு உங்களுடையது என்று கேட்டார். நான் மறுத்துவிட்டேன். வழி தெரியாத வீதியில் நான் வேனும் ஓட்டுவதில்லை, காரும் ஓட்ட மாட்டேன் என்றேன். நானா அருகில் நின்றார். இரண்டு முறை தோற்ற மனிதர். "சரியான பேச்சு தங்கச்சி. சாதனை போனா போகட்டும்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

இந்தப் பந்தியைத் தாங்கள் இன்னொரு தடவை வாசிக்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

7. அப்போது காற்று மீண்டும் எழுந்து பனியை மேலே தள்ளியது. வீதி முழுவதும் தெரிந்தது. மணித்தியாலம் முடியுமுன் அதிகாரி பச்சைக் கொடியைக் காட்டினார். இம்முறை அதே காற்று எனக்கு எதிரே வீசியது. குறித்த தூரத்துக்குள் நுழையும் நேரம் நாலாவது கியர் வெளியே குதிக்கப் பார்ப்பதை உள்ளங்கையில் உணர்ந்தேன். இடது கையால் கியர்க் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஸ்டியரிங்கை வலது கை மட்டும் பிடித்திருந்தது. தோள் வரை வலித்தது. கையை எடுக்கவில்லை, காலையும் எடுக்கவில்லை.

126.4. சராசரி 128.8. பதினொரு ஆண்டுச் சாதனை உடைந்தது. நானா என்னை நோக்கி ஓடி வந்தார். அந்த உடம்போடு அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான். சரிவில் நின்ற பெண்கள் தேயிலைப் பாதை வழியாக இறங்கி வந்து காரைச் சூழ்ந்துகொண்டார்கள். கொழுந்து லொறி ஓட்டும் அழகன் அண்ணன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, "தேரு பறந்துருச்சுடா!" என்று கத்தினார். என் அம்மா காரின் கூரையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய சாதனைக்குரியவர் கொழும்பிலிருந்து வந்திருந்தார். அவரே முதலில் எனக்குக் கை கொடுத்தார். சாதனை என் பெயரில் பதிவாகியுள்ளது.

8. இனி முறைப்பாட்டுக்கு வருகிறேன். மறுநாள் திங்கட்கிழமை பிள்ளைகளுடன் பாடசாலை வாசலுக்குப் போனபோது, தரிப்பிடத்தில் என் இடத்தில் வேறொரு வேன் நின்றது. தரிப்பிடத்தைப் பராமரிக்கும் வேன் உரிமையாளர் சங்கத்தின் செயலாளர் திரு. நிரோஷன் ஒரு கடிதத்தைத் தந்தார். போட்டியின் வீடியோவைக் கைத்தொலைபேசியில் பார்த்ததாகவும், அதிவேகச் சாரதியிடம் பிள்ளைகளை ஒப்படைக்க முடியாது என்றும், என் அங்கத்துவம் நீக்கப்பட்டதாகவும் அதில் இருந்தது. என்னை விசாரிக்கவில்லை. பெற்றோரையும் கேட்கவில்லை.

9. பெற்றோரின் பதிலை நான் சொல்வதைவிட, அவர்கள் வற்புறுத்தியதால் கூடிய சங்கக் கூட்டத்தில் திருமதி அழகம்மா சொன்னதை எழுதுகிறேன். இவர் கொழுந்து பறிப்பவர். இரண்டு பிள்ளைகளை என் வேனில் அனுப்புபவர். "ஆளில்லாத ரோட்டுல, அனுமதி கேட்டு வாங்கிக்கிட்டு ஓட்டுனாங்க. பனின்னதும் நிப்பாட்டுனாங்க. ஒங்க வேனுங்க பனியில நிக்கிதா? எம்புள்ளைங்க தனுஜா வேன்லதான் வரும். எடத்த நீங்க குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி" என்றார். கூட்டம் எழுந்து கைதட்டியது. சங்க அங்கத்தவர்கள் பலரும் தட்டினார்கள். திரு. நிரோஷன் முடிவை மாற்றவில்லை.

10. அன்றிலிருந்து இன்றுவரை ஒரு பிள்ளைகூட என் வேனை விட்டு விலகவில்லை. புதிதாக நால்வர் சேர்ந்திருக்கிறார்கள். நானா தன் கடை வாசலைக் காலி செய்து எனக்கு ஒதுக்கியிருக்கிறார். ஆனால் அந்தக் கடை, பாடசாலைக்கு எதிரே வீதியின் மறுபுறத்தில் உள்ளது. காலையிலும் மதியத்திலும் பிள்ளைகள் பிரதான வீதியைக் கடக்க வேண்டியிருக்கிறது. பஸ்களும் மரக்கறி லொறிகளும் ஓயாத வீதி அது. நானும் நானாவும் இரு பக்கமும் நின்று கையைக் காட்டி வாகனங்களை நிறுத்துகிறோம். பாதுகாப்பு என்ற பெயரில் எடுத்த முடிவு பிள்ளைகளை வீதியில் இறக்கிவிட்டிருக்கிறது. என் மனதைச் சுடுவது இது ஒன்றுதான்.

11. ஆகவே ஐயா, தாங்கள் இவ்விடயத்தை விசாரித்து, பாடசாலை வாசல் தரிப்பிடத்தில் எனக்கிருந்த இடத்தைத் திருப்பித் தருமாறு சங்கத்துக்கு அறிவுறுத்த வேண்டும். போட்டியன்று கடமையிலிருந்த பொலிஸ் அதிகாரி தந்த கடிதத்தையும், பெற்றோர் அனைவரின் கையொப்பத்தையும் இணைத்துள்ளேன். சாதனைச் சான்றிதழின் பிரதியையும் இணைத்துள்ளேன். அது அவசியமில்லை என்று நானா சொன்னார். எனக்குத் தங்களிடம் காட்ட வேண்டும் போலிருந்தது.

சாதனையை எனக்கு யாரும் தர வேண்டியதில்லை. அதை நானே எடுத்துக்கொண்டேன். பிள்ளைகள் வீதியைக் கடக்காமல் இறங்க ஓர் இடம் மட்டும் தாருங்கள். என்னைப் பற்றி ஐயம் இருந்தால் ஒரு காலையில் தாங்களே வந்து என் வேனில் ஏறிப் பாருங்கள். முன் ஆசனம் காலியாக இருக்கும். அலுவலகத்துக்கு நேரம் ஆகிவிட்டது என்று தாங்கள் கடிகாரத்தைப் பார்த்தாலும், நான் வேகத்தைக் கூட்ட மாட்டேன்.

தங்கள் நல்ல முடிவை எதிர்பார்க்கும்,

(ஒப்பம்)
செல்லசாமி தனுஜா

இடம்: ராகலை
திகதி: 19.05.2025