இருவருக்கும் ஒரே படகு

அக்கா,

வடக்கே பனிக்கடல் பக்கம் போகிற சுற்றுலாக் கப்பலுக்கு நீ அனுப்பிய டிக்கெட் வந்து சேர்ந்தது. அம்மா போன அன்று ஆஸ்பத்திரி வாசலில் நான் உன்னை அப்படிப் பேசிய பிறகு, ஆறு வருடம் கழித்து நீ எழுதியது ஒரே வரிதான்: “கப்பல் நிக்கிற இடத்துல எல்லாம் எங்க போகலாம்னு நீயே பாத்து வை.”

பார்த்து வைத்துவிட்டேன். பேருந்தில் ஊர் சுற்றுவது வேண்டாம். முப்பது வருடம் பேருந்து ஓட்டியவள் நான். வேறு யாராவது ஓட்டினால் என் கால் சும்மா இருக்காது, பிரேக்கைத் தேடும். முதல் துறைமுகத்தில் இறங்கி, கரடி பார்க்கக் காட்டுக்குள் நடக்கிறோம். கரடி வராவிட்டால் அதற்குப் பதில் என்னைப் பார்த்துக்கொள்.

இரண்டாவதில், மிதக்கும் பனிக்கட்டிகளுக்கு நடுவே துடுப்புப் படகு. பதிவு செய்கிற பெண் போனில் கேட்டாள்: “ஆளுக்கொரு படகா மேடம், இல்ல ரெண்டு பேருக்கும் சேத்து ஒண்ணா?”

“ஒண்ணே போதும்.”

“ரெண்டு பேரும் ஒத்துத் துடுப்புப் போடணும். இல்லன்னா நின்ன இடத்துலயே சுத்தும்.”

“அது எங்களுக்குப் பழக்கம்தாம்மா” என்றேன்.

நீ முன்னால் உட்கார்ந்துகொள். அந்த வாசலில் பேசியதற்கு உன் முதுகைப் பார்த்துத்தான் என்னால் மன்னிப்புக் கேட்க முடியும். முகத்தைப் பார்த்தால் வாய் வராது. கேட்டதும் சட்டென்று திரும்பிவிடாதே. படகு கவிழ்ந்துவிடும்.

உன் தங்கை