நீலம் ஏறாத முப்பது நாள்

மழை தவறாது பெய்க, மாந்தர் நலம் பெறுக. எழுகுன்ற நாடு முழுதாளும் உலகுடைநங்கைத் தேவியாரின் ஆணைப்படி, ஓலைநாயகம் சாத்தன் அரையன், கீழைக்கடல் காக்கும் சங்குமுனைக் கோட்டைத் தலைவர் வெள்ளங்குமரனார்க்கு விடுக்கும் ஓலை. உம் கோட்டையும் கலங்களும் காற்றிலும் அலையிலும் இடரின்றி விளங்குக.

ஓலை தலைநகர் நீங்கினால் குன்றுதோறும் ஒரு வெள்ளைக்கொடியும், உரியவர் கையில் சேர்ந்தால் இரண்டும் ஏறும் என்பதும், அவர் முத்திரை உடைத்து வாசித்தபின் அவ்விரண்டும் நீலமாக மாறும் என்பதும் நீர் அறிந்ததே.

தேவியாரின் கணவர் ஏனாதி கீரனார், கடற்கொள்ளையரை அடக்க உம் கோட்டைக்குப் புறப்பட்ட காலையில், "என்னைவிடக் கடல் இனிதாயின் அங்கேயே இரும்" என்று தேவியார் சினந்துரைத்தார். கீரனார் குதிரை ஏறினார். தாம் சொன்ன அச்சொல்லே தேவியாரை உண்ணவும் விடவில்லை, உறங்கவும் விடவில்லை. பதினோராம் நாள், எழுத்தரை அழையாமல், தம் கையாலேயே ஓலை எழுதி அனுப்பினார்.

நான்கு நாளில் எதிர்க்குன்றில் இரண்டு வெள்ளைக்கொடிகள் ஏறின. நீலம் ஏறவில்லை. தேவியார் மாலைதோறும் மேல்மாடத்தில் நின்று, "நிறம் மாறிற்றா?" என்று காவலரைக் கேட்பார், இல்லை என்பர். "மழையில் சாயம் வெளுத்திருக்குமோ?" என்பார், மழையே பெய்யவில்லை என்பர். கீரனார் விரும்பும் வண்ணம் கிராம்பு குத்திய வெற்றிலை நாள்தோறும் அவர் இருக்கையருகே வைக்கப்பட்டு, வாடி, மறுநாள் அகற்றப்பட்டது.

வெள்ளைக்கொடிகள் ஏறிய முப்பதாம் நாள், "ஓலை சேர்ந்ததை அறிவேன். வாசிக்க அவருக்கு மனமில்லை என்பதையும் அறிந்துகொண்டேன்" என்று கூறி, கீரனாரைப் படைத்தலைமையினின்று நீக்கும் ஆணையை எழுதப் பணித்தார். அடியேன் பாதி எழுதியிருக்கையில், உம் கோட்டை மருத்துவர் நாகனார் அரண்மனை மருந்தறைக்கு வந்து, கண்புண்ணுக்கு மருந்து கேட்டார். யாருக்கு என வினவியபோது வாய் திறவாதவர், தேவியாரே வந்து கேட்டபோது அழுது, நடந்ததை உரைத்தார்.

எரியும் கலத்துள் சிக்கிய மாலுமிகளை மீட்கப் புகுந்த கீரனாரின் இரு கண்களும் தீயில் பறிபோயின என்றும், ஓலையை வாசித்துக் காட்ட நீர் முன்வந்தபோது, "அவள் எனக்கென்று எழுதியது, வேறொருவர் குரலில் கேட்கமாட்டேன்" என மறுத்து, பிரிக்காத ஓலையை மார்போடு வைத்திருக்கிறார் என்றும், தம்மீது இரங்கித் திரும்ப அழைப்பாரோ என அஞ்சி இதனைத் தேவியாரிடம் மறைக்கச் சொன்னார் என்றும் அறிந்தோம்.

தேவியார் அடியேன் கையிலிருந்த ஏட்டை வாங்கினார். பின், "கைக்குச் சேர்ந்தது என்றுதானே கொடி சொன்னது? மற்றதையெல்லாம் நானாக எண்ணிக்கொண்டேன்" என்று கூறி, பாதி எழுதிய ஆணையை விளக்கில் இட்டார்.

ஆதலின் ஆணையாவது: தேவியார் இன்றே உப்புவழியில் புறப்படுகிறார்; ஐந்தாம் நாள் அங்கு வந்து சேர்வார். தோரணமும் முரசும் வேண்டா. கீரனார் கையிலுள்ள ஓலையை எவரும் தொடலாகாது. தேவியாரே அதனை அவருக்கு வாசிப்பார். வருகையை அவரிடம் முன்னதாக உரைக்க வேண்டா. எவ்வாறேனும் அறிந்து வேறிடம் செல்ல முற்படுவாராயின், கோட்டைக் கதவுகளை அடைத்து வையும்.

ஏழு குன்றம் பொறித்த முத்திரை இட்டேன். இதன் கீழ் உள்ள வரி தேவியார் தம் கையால் எழுதியது:

"அவரை வாசல்வரை அழைத்து வர வேண்டாம். அவர் இருக்குமிடத்துக்கு நானே வருகிறேன்."